பம்பருக்கு இரண்டாயிரம்

என் வீட்டு வரவு - செலவு டைரிகள் இரண்டு, கோர்ட்டுக்குப் போய் வந்திருக்கின்றன. 2013 ஒன்று, 2014 ஒன்று. பால், கேஸ், இஸ்திரி, பேரனுக்குப் பஞ்சுமிட்டாய் என்று கோழி கிளறிய மாதிரி நான் எழுதி வைத்ததை, ஒரு நீதிபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். முப்பது வருஷமாக எழுதுகிறேன். என் எழுத்தை அவ்வளவு கவனமாக யாரும் படித்ததில்லை.

எல்லாம் ஒரு முதுகால் வந்தது. என் முதுகு இல்லை. என் ஆக்டிங் டிரைவருடையது.

ஆக்டிங் டிரைவர் என்றால் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காக: சொந்தமாகக் கார் இருக்கும், ஓட்டும் தைரியம் இருக்காது. போன் போட்டால் ஒருத்தர் வந்து, நம் காரை ஓட்டிவிட்டு, சாயங்காலம் நாள் சம்பளம் வாங்கிக்கொண்டு போவார். எனக்கு அமைந்தவர் திண்டிவனம் பக்கம். அப்போது அவருக்கு நாற்பதுக்கு மேல் ஒன்றிரண்டு இருக்கும். பேச்சு குறைவு. எஃப்.எம்.கூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் போடுவார். பெயர் வேண்டாம், அவருக்கு மகள் கல்யாணம் வருகிறது.

2013 டிசம்பர் 14, சனிக்கிழமை. ஒரு காலேஜ் ஆண்டு விழாவில் பேசப் போய்க்கொண்டிருந்தேன். நந்தனம் சிக்னலில் நிற்கிறோம். பின்சீட்டில் குறிப்பைப் புரட்டிக்கொண்டு இருக்கிறேன். 'டம்'மென்று ஒரு சத்தம். குறிப்பெல்லாம் காலடியில். பின்னால் பார்த்தால் ஒரு குட்டி யானை, அதுதான் அந்தச் சின்ன லோடு வண்டி, எங்கள் டிக்கியை முத்தமிட்டுக்கொண்டு நிற்கிறது. பம்பர் ஒரு பக்கம் தொங்குகிறது.

டிரைவர் கதவைத் திறந்து இறங்கினார். இறங்கினவர் இடுப்பில் கையை வைத்து ஒரு கணம் அப்படியே நின்றார். அதை நான் பார்த்தேன்.

போக்குவரத்துக் காவலர் வந்தார். "என்ன சார், கம்ப்ளைன்ட் குடுக்கறீங்களா? குடுக்கறதா இருந்தா வண்டிய ஓரங்கட்டுங்க."

மணி பத்தே கால். பத்தரைக்கு விழா. "அதெல்லாம் வேணாங்க, யாருக்கும் ஒண்ணும் இல்ல" என்றேன். 'யாருக்கும் ஒண்ணும் இல்ல' என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்று அப்போது தோன்றவில்லை. லோடு வண்டிப் பையன் சட்டைப் பையிலிருந்து கசங்கின நோட்டுகளை எடுத்து இரண்டாயிரம் எண்ணிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். வண்டி நம்பரைக்கூட எழுதிக்கொள்ளவில்லை. விழாவில் நன்றாகப் பேசினேன் என்று சொன்னார்கள்.

அன்று ராத்திரி டைரியில் எழுதியது இது: 'பம்பர் (லோடு வண்டி) வரவு 2,000. டிரைவருக்குத் தைலம் 60.'

பதினைந்து நாள் போல அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "புடிச்சிக்கிச்சு சார், சரியாப் பூடும்" என்றார். சரியாகவும் போயிற்று. ஜனவரியில் பொங்கலுக்குக் குடும்பத்தோடு மதுரை போனோம். உளுந்தூர்பேட்டை தாண்டி டயர் பஞ்சர். அவர்தான் ஜாக்கி போட்டு, குத்த வைத்து உட்கார்ந்து, ஸ்டெப்னி மாற்றினார். என் மனைவியின் பெட்டிகளை இரண்டு மாடி தூக்கி வைத்தார். அந்தப் பெட்டிகளை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மருத்துவச் சான்றிதழ் என்று புரியும்.

2014 ஏப்ரல் கடைசியில் இரண்டாவது விபத்து. அதில் நான் இல்லை. வேறொருவர் காரில், ராத்திரி ஏர்போர்ட்டுக்கு ஆள் கூட்டி வரப் போயிருக்கிறார். பல்லாவரத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றிருந்த காரை ஒரு தண்ணீர் லாரி பின்னாலிருந்து தள்ளி, பஸ்ஸுக்கு அடியில் செருகிவிட்டது. நெற்றியில் நாலு தையல், இடது முழங்கையில் சிராய்ப்பு. அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்டு விடியற்காலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பில் ஆரம்பித்து இடது கால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்கிற மாதிரி வலி. தனியார் மருத்துவமனை, ஸ்கேன், 'டிஸ்க் வெளியே வந்து நரம்பை அழுத்துகிறது', ஜூனில் ஆபரேஷன். அதோடு ஸ்டியரிங் போயிற்று. அரை மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல உட்கார முடியாத மனிதர் எப்படிக் கார் ஓட்டுவார்?

லாரி உரிமையாளர் மீதும், லாரியின் இன்ஷூரன்ஸ் கம்பெனி மீதும் இழப்பீடு கேட்டு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ம் பிரிவில் மனு. சென்னையில் அது சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கும். லாரி மேல்தான் தப்பு என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. எஃப்.ஐ.ஆர். இருக்கிறது, லாரி டிரைவர் கோர்ட்டில் அபராதமும் கட்டிவிட்டார். சண்டை முழுக்க முதுகைப் பற்றித்தான். இந்த முதுகு எந்த இடியில் உடைந்தது?

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கையில் இரண்டு காகிதம் இருந்தது. ஒன்று, அரசு மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல், ஏ.ஆர். காப்பி என்பார்கள். அதில் நெற்றி இருக்கிறது, முழங்கை இருக்கிறது. முதுகு என்ற வார்த்தையே இல்லை. ரத்தம் கொட்டுகிறபோது யார் முதுகைப் பற்றிச் சொல்வார்கள்? டாக்டரும் கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும்தான் எழுதுவார். இரண்டாவது காகிதம் இன்னும் மோசம். ஆபரேஷன் செய்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் ஒரு இளம் டாக்டர் நல்ல எண்ணத்தோடு ஒரு வரி எழுதிவிட்டார்: 'ஐந்து மாதம் முன்பு சாலை விபத்து, அப்போது கீழ் முதுகு வலி இருந்தது.'

கேட்ட கேள்விக்கு நம் ஆள் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார். "சார், அந்த நந்தனம் மேட்டர வச்சுதான் கேஸ ஒடைக்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை வந்து சொன்னீங்கன்னா... முன்னாடி வலியே இல்லன்னு."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் காபி டம்ளரைப் பார்த்தேன்.

சொல்லிவிடலாம்தான். யாருக்கு நஷ்டம்? ஒரு பெரிய கம்பெனிக்கு. அந்தத் தைலம் அறுபது ரூபாய் என் டைரியைத் தவிர வேறு எங்கேயும் இல்லை. இரண்டு டைரியில் 2014-ஐ மட்டும் கோர்ட்டுக்கு எடுத்துப் போனால் போதும். அன்று ராத்திரி முழுக்க இப்படித்தான் கணக்குப் போட்டேன். ஒரு பக்கம் ஏழைக்கு உதவும் பொய். இன்னொரு பக்கம், அந்த ஏழை அன்றைக்கே போலீஸில் எழுதிக் கொடுக்க முடியாமல், ஆஸ்பத்திரியில் பதிவு செய்ய முடியாமல் போனதற்குக் காரணம் யார் என்ற கேள்வி. பத்தரை மணி விழாவுக்குப் போகிற அவசரம் எனக்குத்தான் இருந்தது.

மறுநாள் அவருடைய வக்கீலைப் போய்ப் பார்த்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும் ஒரு வக்கீலம்மா. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. குமாஸ்தா ஏற்கெனவே எனக்கான பிரமாண வாக்குமூலத்தை டைப் அடித்து வைத்திருந்தார். அதில் ஒரு வாக்கியம்: 'மேற்படி விபத்துக்கு முன் மனுதாரருக்கு முதுகு சம்பந்தமான உபாதை ஏதும் இருந்ததில்லை.' அதைப் படித்துவிட்டு, நடந்ததைச் சொன்னேன். தைலம் உள்பட.

வக்கீலம்மா பேனாவை எடுத்து அந்த வாக்கியத்தைக் குறுக்கே அடித்தார். "நல்லவேளை சார், இங்க சொன்னீங்க. கூண்டுல போய்ச் சொல்லியிருந்தா அவ்வளவுதான்."

"அப்ப கேஸ் போயிடுமா?"

"மறைச்சாத்தான் போகும். டிஸ்சார்ஜ் சம்மரி அவங்க கைல இருக்கு. வலியே இல்லன்னு நாம சொல்லி, அந்த ஒரு பொய் வெளிய வந்துட்டா, மீதி சொல்ற நிஜம் எல்லாம் பொய்யாயிடும். ரெண்டு டைரியையும் கொண்டாங்க. ஒரு பக்கம்கூடக் கிழியாம."

பிறகு அவர் ஒரு கனடா கதை சொன்னார். அங்கே ஒருவர் கார் பாடி ரிப்பேர் செய்கிற தொழிலாளி. பழைய முதுகுவலிக்காரர். 1991 பிப்ரவரியில் ஒரு கார் விபத்து, ஏப்ரலில் இன்னொன்று. கொஞ்சம் தேறினார். டாக்டர் உடற்பயிற்சி செய்யலாம் என்று சொல்ல, அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் ஜிம்முக்குப் போய் உடம்பை வளைத்திருக்கிறார். முதுகில் 'பொட்'டென்று ஒரு சத்தம். டிஸ்க் பிதுங்கிவிட்டது. யோசித்துப் பாருங்கள். விபத்து இரண்டு, பழைய வலி ஒன்று, ஜிம் ஒன்று. யார் காசு கொடுப்பது? முதலில் விசாரித்த நீதிபதி விபத்துகளின் பங்கு 25 சதவீதம் என்று சொல்லி, நஷ்ட ஈட்டில் கால் பங்கைக் கொடுத்தார். மேல் கோர்ட்டும் அதையே சொன்னது. 1996-ல் கனடா உச்ச நீதிமன்றம் மாற்றிப் போட்டது. முழுத் தொகையும் கொடு என்று தீர்ப்பு.

"எப்படிம்மா? கால் பங்குதானே காரணம்?"

"காரணம்னு ஆயிட்டா ஆயிட்டதுதான் சார். ஒரு காயத்துக்கு நாலு காரணம் சேர்ந்து வரும். அதுல ஒருத்தன் தப்பு நிஜமான காரணமா இருந்தா, மீதி மூணும் யாரோட தப்பும் இல்லாதப்ப, அவன் 'என் பங்கு கால்தான்'னு ஒதுங்க முடியாது. மண்டை ஓடு மெல்லிசா இருக்கறவன் தலைல தட்டிட்டு, 'எல்லாருக்கும் இருக்கற மாதிரி கெட்டியா இருந்திருந்தா ஒடஞ்சிருக்காதே'ன்னு சொல்லக் கூடாது. அவன் எப்படி இருக்கானோ அப்படித்தான் ஏத்துக்கணும்."

"அப்ப நமக்கு முழுசா வந்துடும்."

சிரித்தார். "அதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு. மண்டை ஏற்கெனவே உதிர்ந்துக்கிட்டே இருந்தா? நீ தட்டாமலே நாலு வருஷத்துல உதிர்ந்திருக்கும்னா, அந்த அளவுக்குக் கழிச்சுப்பாங்க."

அதற்கும் ஒரு கதை வைத்திருந்தார், இங்கிலாந்தில். ஒரு கறிக்கடை மேனேஜர், 1973-ல் கடையில் வழுக்கி விழுந்து முதுகில் அடி. சம்பாதிக்கும் சக்தி பாதியானது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 1976-ல் அவருக்குத் தண்டுவடத்தில் வேறொரு நோய். விழுந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த நோயால் வேலையே செய்ய முடியாமல் போயிற்று. பிரபுக்கள் சபை 1981-ல் சொன்னது: நஷ்ட ஈடு 1976 வரைக்கும்தான், அதற்குப் பிறகு நோயின் கணக்கு. கேட்கக் கொடூரமாக இருக்கிறது. ஆனால், விழாமல் இருந்திருந்தாலும் 1976-ல் வேலை போயிருக்கும் என்பதும் உண்மைதானே.

ஆக, எங்கள் வழக்கில் கேள்வி இதுதான். நந்தனத்தில் அடிபட்ட முதுகு, பல்லாவரம் வரும்போது எப்படி இருந்தது? மெல்லிசாகி, ஆனால் உழைத்துக்கொண்டு இருந்ததா? இல்லை, அப்போதே உதிர்ந்துகொண்டிருந்ததா?

ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். எனக்குத் தெரிந்த எலும்பு டாக்டர் ஒருவர் விளக்கினார். நம் முதுகெலும்புத் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க், ஜாம் வைத்த பன் மாதிரி. வெளியே கெட்டியான வளையம், உள்ளே கூழ். வளையம் கிழிந்தால் கூழ் பிதுங்கி நரம்பில் உட்காரும். பெரும்பாலும் கடைசி இரண்டு டிஸ்க்கில்தான் நடக்கும். எலும்பு புதிதாக முறிந்திருந்தால் எம்.ஆர்.ஐ.யில் அந்த இடத்தில் நீர் கோத்துத் தெரியும். சில மாதத்தில் அது வடிந்துவிடும். அதை வைத்துப் புதுசா பழசா என்று ஓரளவு சொல்லலாம். எலும்பு ஓரத்தில் முள் மாதிரி வளர்ந்திருந்தால் அது பல வருஷத்து வேலை, போன மாச விபத்தில் முளைத்திருக்காது. ஆனால் டிஸ்க் பிதுங்கல்? படத்தின் மூலையில் தேதி இருக்கும். எடுத்த தேதி. கிழிந்த தேதியை எந்த மெஷினும் அச்சடிப்பதில்லை.

இன்னொன்றும் சொன்னார். 1994-ல் அமெரிக்காவில், முதுகுவலியே இல்லாத 98 பேரைக் கூப்பிட்டு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்களாம். பாதிக்கு மேல், 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்க்காவது புடைத்திருந்தது. எல்லா டிஸ்க்கும் சுத்தமாக இருந்தது 36 சதவீதம் பேருக்குத்தான். அவர்கள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு வந்து, படுத்து எழுந்து, வீட்டுக்குப் போனவர்கள். நம்பாமல் இருந்தேன். பிறகு ஒருமுறை கால் மரத்துப்போய் எனக்கே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மரத்ததற்குக் காரணம் சர்க்கரை. ஆனால் ரிப்போர்ட்டில், கடைசி டிஸ்க் புடைத்திருக்கிறது, வயது காரணமான தேய்மானம் என்று நீளமாக இருந்தது. எனக்கு முதுகுவலியே கிடையாது. நந்தனத்தில் நானும் அதே காரில்தான் இருந்தேன்.

இதனால் இரண்டு தரப்புக்கும் வசதி. 'தேய்மானம்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் கம்பெனி வக்கீல், 'வயசாச்சு, விபத்து காரணமில்லை' என்பார். 'தேய்மானம் எல்லோருக்கும் உண்டு, எல்லோருமா ஆபரேஷன் டேபிளில் படுக்கிறார்கள்?' என்று இந்தப் பக்கம் கேட்கும். படத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வருஷக்கணக்கில் பேசலாம். கடைசியில் படத்துக்கு வெளியே இருப்பதுதான் உதவும். விபத்துக்கு முந்தின மாதம் மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார், அடுத்த மாதம் எதைச் செய்ய முடியவில்லை?

அதற்குத்தான் என் டைரி.

2016-ல் என்னை அழைத்தார்கள். மூன்றாவது சாட்சி நான். கம்பெனி வக்கீல் வயதானவர், மரியாதையானவர். சினிமாவில் வருகிற மாதிரி மேஜையைத் தட்டவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. இல்லாத காயத்துக்கு இருக்கிற பில் கொண்டு வருகிறவர்களையும், ஒரு விபத்துக் காயத்தை இன்னொரு வண்டி தலையில் கட்டுகிறவர்களையும் அவர் தினமும் பார்க்கிறார்.

"ஐயா எழுத்தாளர். கதை எழுதுவீங்க."

"கட்டுரையும் எழுதுவேன்."

நீதிபதி லேசாகச் சிரித்தார்.

"2013 டிசம்பர் விபத்துக்கு அப்புறம் மனுதாரருக்கு முதுகுவலி இருந்துதா, இல்லையா? ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க."

நம் டிரைவர் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிறார். எனக்கு அவர் முகம் தெரியவில்லை. அதுவும் நல்லதுதான்.

"ஆமா. இருந்தது."

"தைலம் வாங்கிக் குடுத்தீங்க?"

"அறுபது ரூபாய்க்கு."

"போலீஸ்ல புகார் குடுக்கல, ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போகல?"

"இல்ல. எனக்கு ஒரு விழா இருந்தது."

அவர் உட்கார்ந்துவிட்டார். தனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார். அப்போது வக்கீலம்மா எழுந்து மறுவிசாரணைக்கு அனுமதி கேட்டு, டைரியைப் பிரிக்கச் சொன்னார். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ஒவ்வொரு தேதியாகப் படித்தேன். 'டிரைவர் சம்பளம்', 'டிரைவர் சம்பளம்', 'டிரைவர் சம்பளம் + ராத்திரி பேட்டா'. நாலு மாதத்தில் என்னிடம் மட்டும் 37 நாள். ஜனவரி 13, 'பஞ்சர், உளுந்தூர்பேட்டை'. ஜனவரி 16, 'மதுரை - சென்னை, டீ, டிபன்'. ஜனவரிக்குப் பிறகு தைலம் இல்லை, லீவு இல்லை, மாத்திரைக்கு அட்வான்ஸ் இல்லை. மே மாதத்திலிருந்து அந்தப் பெயரே இல்லை, வேறொரு டிரைவர்.

"தைலத்தையும் எழுதியிருக்கார் சார்" என்று வக்கீலம்மா நீதிபதியிடம் சொன்னார். "அதை மறைக்காத புஸ்தகம்தான் இதையும் சொல்லுது." அவ்வளவுதான் அவர் வாதம். மூன்று நிமிஷம் இருக்கும்.

இந்த மாதிரி வழக்கில் கொலைக் கேஸ் போல சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் சொல்லியிருக்கிறது. நான் சட்டம் படித்தவன் இல்லை. அந்த ஒரு வரிதான் அன்றைக்கு எனக்கு மூச்சு விட வைத்தது.

2017-ல் தீர்ப்பு. டாக்டர் கொடுத்திருந்த ஊனச் சான்றிதழ் 40 சதவீதம். 2010-ல் வந்த ராஜ்குமார் - அஜய்குமார் தீர்ப்பை நீதிபதி எடுத்துக் காட்டியிருந்தார். அதில் உச்ச நீதிமன்றம் ஒரு உதாரணம் சொல்கிறது: இடது கை போனால் ஊனம் சுமார் 60 சதவீதம் என்பார்கள், ஆனால் அதே கை ஒரு டிரைவருக்கோ தச்சருக்கோ போனால் வருமானம் மொத்தமும் போகும், அரசாங்க குமாஸ்தாவுக்குப் போனால் வேலை அப்படியே இருக்கலாம். உடம்பில் எத்தனை சதவீதம் என்பதைவிட பிழைப்பில் எத்தனை சதவீதம் என்று பார் என்பதுதான் சாரம். அதன்படி எங்களுக்கு ஏறும் என்று வக்கீலம்மா நினைத்தார். இறங்கியது. இரண்டாவது விபத்துதான் முக்கியக் காரணம், சந்தேகமில்லை. ஆனால் தேய்மானம் இருக்கிறது, முதல் விபத்தை மனுதாரரின் சாட்சியே ஒப்புக்கொள்கிறார், மனுதாரர் உட்காரும் வேலை ஏதாவது செய்யலாம். ஆகவே வருமான இழப்பு 30 சதவீதம் என்று முடித்திருந்தார்.

கணக்கு இப்படி. மாதம் 9,000 ரூபாய் என்று வைத்து, வருஷத்துக்கு 1,08,000. விபத்தன்று வயது 43 என்பதால் 14-ஆல் பெருக்க வேண்டும். வயதுக்கு இத்தனை என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் ஒரு பட்டியலே போட்டுக் கொடுத்திருக்கிறது. 15,12,000. அதில் 30 சதவீதம், 4,53,600. ஆஸ்பத்திரி செலவு, வலிக்கு, வேதனைக்கு எல்லாம் தனி. 40 என்று வைத்திருந்தால் இன்னும் 1,51,200 வந்திருக்கும்.

வக்கீலம்மா அப்பீல் போகலாம் என்றார். கனடா தீர்ப்பையெல்லாம் மறுபடி எடுத்தார். உட்காருகிற வேலை என்று எழுதியிருக்கிறாரே, உட்காரத்தானே முடியவில்லை என்று கோபப்பட்டார். எனக்கும் அது நியாயமான கோபமாகத்தான் பட்டது, இன்றைக்கும் படுகிறது. டிரைவர் வேண்டாம் என்றுவிட்டார். "பொண்ணு பீஸ் கட்டணும்மா. ஹைகோர்ட்டுக்குப் போனா எப்ப வரும்?" கம்பெனியும் அப்பீல் போகவில்லை. பணம் சில மாதத்தில் வந்தது.

இப்போதெல்லாம் சட்டம் இன்னும் கறார். 2022 ஏப்ரலுக்குப் பிறகு, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 166-ம் பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். அதை எதிர்த்தும் வழக்கு போட்டிருக்கிறார்கள். அது எப்படியும் போகட்டும். போன மாதம் வடபழனியில் என் மகன் காரைப் பின்னாலிருந்து ஒரு வேன் தட்டிவிட்டது. "ஒண்ணுமில்லப்பா, லேசாத்தான்" என்று போன் செய்தான். நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. வண்டி நம்பரை போட்டோ எடுத்து, அன்றைக்கே டாக்டரிடம் போய், கழுத்து முதுகு எல்லாவற்றையும் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் அவனுக்குச் சாப்பாடு போட்டார்கள். அவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

டிரைவர் இப்போது ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் போன் எடுக்கிறார். முன்பு வாங்கியதில் பாதி சம்பளம். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது உள்ளே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். தீர்ப்பு நகலை இன்னும் மேஜை டிராயரில் வைத்திருக்கிறார். ஏதோ பேச்சுவாக்கில் அதை எடுத்துப் புரட்டினார்.

"டாக்டர் நாப்பதுன்னாரு. ஜட்ஜ் ஐயா முப்பதுன்னாரு. தப்புன்னு சொல்லல சார். சும்மா கேக்கறேன். அந்தப் பத்து யாருது?"

நம்பர் தெரியாத அந்த லோடு வண்டியை நினைத்துக்கொண்டேன். கசங்கின நோட்டு இரண்டாயிரம்.

"என்னுதுன்னு வச்சுக்குங்க" என்றேன்.

"அட, நீங்க எங்க சார் இடிச்சீங்க?" என்று சிரித்தார். பிறகு சுவர் கடிகாரத்தைப் பார்த்தார். அரை மணி ஆகியிருந்தது. மேஜையைப் பிடித்து மெல்ல எழுந்து, வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். போன் அடித்துக்கொண்டிருந்தது. நான் எடுத்து, "லைன்ல இருங்க, வந்துடுவாரு" என்றேன்.